இரு தட்டிலும் நிறுத்த பெருமாயி அம்மையார்

வேங்கைப்பாளையத்துப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நிறுக்கும்போது நாற்பத்தாறு வீசை இருந்த மஞ்சள் மூட்டை, இரண்டு கல் தொலைவிலுள்ள ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நாற்பத்தைந்து வீசைதான் இருந்தது. மூட்டை கிழியவில்லை, தையல் பிரியவில்லை. வெயிலில் காய்ந்து எடை குறைந்தது என்றால், மழை நாளிலும் அதே ஒரு வீசை குறைந்தது. ஒரு மூட்டைக்கு மட்டுமல்ல, எல்லா மூட்டைக்கும் இதே கதை. எங்கே போகிறது அந்த ஒரு வீசை என்பது பெருமாயி அம்மையாருக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

அந்த மண்டபத்தைப் பெருக்குவதுதான் அம்மையாரின் வேலை. கணவரை இழந்த பின் அவருக்கு உறவென்று இருந்தது கோயில் ஒன்றே. விடிந்ததும் தரையைக் கூட்டி, அங்கே தொங்கும் துலாபாரத் தராசின் இரண்டு பித்தளைத் தட்டுகளையும் புளி போட்டுத் துலக்குவார். வேண்டிக்கொண்டவர்கள் சன்னிதிப் பக்கத் தட்டில் அமர்வார்கள். அவர்கள் எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ வாசல் பக்கத் தட்டில் ஏறும். துலக்கி முடித்ததும் அம்மையார் எட்ட நின்று, வெறும் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். வாசல் பக்கம் ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. காணிக்கையாக வந்த சின்ன மணிகளில் ஒன்றை அந்தத் தட்டின் சங்கிலியில் கட்டிச் சமன் செய்வார். “என்ற பெருமாள் தராசு சாயலாமா?” என்று சொல்லிக்கொண்டே கட்டுவார். ஆண்டுகள் போகப் போக மணிகள் பெருகின.

சுற்றுவட்டாரத்து ஏழு ஊர் உழவர் கூட்டுறவுச் சங்கங்களும் ஓர் இணையமாகச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். தனித்தனியாகச் சந்தைக்குப் போன காலத்தில் வியாபாரி சொன்னதே விலை, அவர் தராசு காட்டியதே எடை. ஏழு ஊர் மஞ்சளும் சேர்ந்தால் ஒரு ரயில் வேகன் நிறையும். வேகன் நிறைந்தால் வடக்கே உள்ள பெரிய மண்டிக்கு நேராக அனுப்பிவிடலாம். யோசனை நல்லதுதான். ஆனால் எந்த ஊர்த் தராசில் நிறுப்பது என்ற கேள்வியிலேயே முதல் கூட்டம் கலையப் பார்த்தது. ஒவ்வோர் ஊரும் மற்ற ஆறு ஊர்த் தராசையும் சந்தேகித்தது.

கடைசியில் இணையத் தலைவர் சென்னியப்பர், “சாமி தராசுல நிறுத்துக்கலாமுங்க. பெருமாயி நிறுக்கட்டும்” என்றார். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

அப்படித் தொடங்கிய நல்ல காரியத்தில்தான் இந்த ஒரு வீசை ஓட்டை விழுந்தது. கரட்டுப்புதூர்ச் சங்கத்துச் செயலாளர் காளிங்கனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

“மூட்டைக்கு ஒரு வீசை எங்க போகுதுன்னு நான் சொல்லட்டுங்களா? நிறுக்கறவ முந்தானைக்குள்ள போகுது. புருசன் போனவளுக்கு மூஞ்சி இத்தன மஞ்சளா மினுக்குதே, பாத்தீங்களா?”

மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் படிந்த தூசி அது. கூட்டம் சிரித்தது.

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. “நான் எடுக்கலீங். எப்படிக் கொறயுதுன்னு தெரியலீங். தெரிஞ்சவன் உள்ள நிக்கறான். சொல்லுவான்.”

“எப்பச் சொல்லுவான்? வேகன் போன பொறகா?”

மறுபடியும் சிரிப்பு. சென்னியப்பருக்கு வேறு வழி தெரியவில்லை. இனி அம்மையார் தராசைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மூட்டைகளைக் காளிங்கனே நிறுத்தார். வண்டியில் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து ரயிலடிவரை போனார். அங்கேயும் ஒரு வீசை குறைந்தது. இப்போது ஆறு ஊரும் காளிங்கனைப் பார்த்தன. காளிங்கன் ஆறு ஊரையும் பார்த்தார். வருகிற புரட்டாசிச் சனிக்கிழமை கூடி இணையத்தைக் கலைத்துவிடுவது என்று முடிவாயிற்று. வியாபாரிகள் சந்தையில் காத்திருந்தார்கள்.

அம்மையார் தினமும் தரையை மட்டும் கூட்டினார். தட்டருகே வந்ததும் கையைக் கட்டிக்கொள்வார். தம் பெயர் கெட்டதைப்பற்றி அவர் பெருமாளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “உன்ற தராசால ஏழு ஊர் பிரிஞ்சுதுன்னு பேராகிப் போகுமே, அப்பனே” என்பதுதான் அவருடைய முறையீடு.

அந்தச் சனிக்கிழமை உச்சிவேளை. பட்டர் நடை சாத்திவிட்டுப் போயிருந்தார். அப்போது, தொந்தி முன்னே வரத் தாம் பின்னே வருவதுபோல் ஒருவர், வெல்லக் கூடையைச் சுமந்துகொண்டு வந்தார்.

“தாயி, எடைக்கு எடை வெல்லம் வேண்டுதல். நிறுத்துவிடு.”

“நான் தராசத் தொடக்கூடாதுங்.”

“வெல்லத்தத் தொடலாமல்ல? நீ அதை எடுத்து வை. நான் ஏறிக்கறேன்.” சொல்லிக்கொண்டே வாசல் பக்கத் தட்டில் ஏறி அமர்ந்துவிட்டார்.

“ஐயோ, அந்தத் தட்டு இல்லீங்! வேண்டுதல்காரர் சன்னிதிப் பக்கந்தான் ஒக்காரோணும்.”

“அங்க எறும்பு மொய்க்குது. முதல்ல இப்படியே வையி.”

அம்மையார் எதிர்த் தட்டில் வெல்ல உருண்டைகளை அடுக்கினார். தட்டுகள் சமமாக நின்றன. ஆனாலும் முறை தவறிவிட்டதே என்று அவர் மனம் ஒப்பவில்லை. கெஞ்சிக் கேட்டதும் வந்தவர் முனகிக்கொண்டே இறங்கி, வேட்டியை உதறிக்கொண்டு எறும்புத் தட்டில் அமர்ந்தார். அம்மையார் அதே உருண்டைகளை மறுதட்டுக்கு மாற்றினார். வந்தவர் இருந்த தட்டு தரையைத் தொட்டது. இன்னும் மூன்று உருண்டை வைத்த பிறகே எழுந்தது.

“ஏந்தாயி, தட்டு மாறறதுக்குள்ள நான் பெருத்துப் போயிட்டனா?” மண்டபம் அதிரச் சிரித்தார். “எறும்பு தாங்கலை, வாரேன்” என்று பிரகாரத்துப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை.

அம்மையார் தட்டையும் வெல்லத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் ஒன்று, வெல்லம் ஒன்று, தராசும் ஒன்று. மாறியது தட்டு மட்டுந்தான்.

மாலையில் கூட்டம் கூடியதும் கைகூப்பி நின்றார். “கலைக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு மூட்டையத் தட்டு மாத்தி நிறுத்துப் பாருங்.”

“சாமி தராசையே சந்தேகப்படறயா?” என்றார் காளிங்கன்.

“தராசு இரும்புங். சாமி வேறங்.”

சென்னியப்பரே நிறுத்தார். எப்போதும் வைக்கும் சன்னிதிப் பக்கத் தட்டில் மூட்டை நாற்பத்தாறு வீசை. வாசல் பக்கத் தட்டில் நாற்பத்து நான்கு. நடுவில் நின்றது ரயிலடியின் நாற்பத்தைந்து. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது மண்டபம் முழுதும் பரவியது. யாரும் திருடவில்லை!

கொல்லரை அழைத்துத் தட்டுகள் தொங்கும் துலாக்கோலை இறக்கினார்கள். நடுக்கொக்கி அமர்ந்திருந்த பள்ளம் தேய்ந்து தேய்ந்து, விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் கனக்கும். விளிம்பில் தள்ளினால் ஒரு விரலே போதும். அதுபோலத்தான் இதுவும். கொக்கி நகர்ந்ததால் கோலின் சன்னிதிப் பக்கக் கை நீண்டுவிட்டது. நீண்ட கையில் தொங்கும் பொருள், இருப்பதைவிடக் கனமாகக் காட்டும். கட்டிய மணிகள் வெறும் தட்டைச் சமமாக்கின. கையின் நீளத்தை அவற்றால் சமமாக்க முடியவில்லை. அன்பினால் கட்டிய மணிகளே பிழையை மறைத்திருந்தன என்று அறிந்ததும் அம்மையார் கலங்கினார்.

காளிங்கன் அவர் முன் வந்து தலைகுனிந்தார். “என்ற வாய்தான் கோணத் தராசு, ஆத்தா. மன்னிச்சுக்கோ.”

“வாயக் கொல்லர்கிட்டக் காட்டு, கண்ணு” என்றார் அம்மையார். இந்த முறை கூட்டத்தோடு காளிங்கனும் சிரித்தார்.

அந்த நேரத்தில் நடை திறந்த பட்டர் உள்ளிருந்து கூவினார். பெருமாளின் வேட்டிக் கரையில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திருவடியில் வெல்லத் துகள் சிந்திக் கிடந்தது. பூட்டிய கதவுக்குள் அவை எப்படிப் போயின என்று ஊர் வியந்தது. அம்மையார் மட்டும், “கடிச்சுதா அப்பனே?” என்று கேட்டுக் கண்ணீர் உகுத்தார்.

இணையம் கலையவில்லை. ஏழு ஊரில் தொடங்கியது பின்னாளில் மாவட்டம் முழுதும் பரவியது. நெல்லும் நிலக்கடலையும் விளைகிற வேறு மாநிலத்துச் சங்கங்களும் வந்து சேர்ந்து, நாடளாவிய கூட்டமைப்பாக வளர்ந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு சங்கமும் அதே பழைய கேள்வியோடுதான் வந்தது: யார் தராசை நம்புவது? யார் தராசையும் நம்ப வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். எந்தத் தராசும் ஒரு நாள் தேயும். தேய்ந்த தராசிலும் நியாயமாக நிறுக்க வழி உண்டு.

தம்மீது விழுந்த பழியை மறந்து, ஊர் பிரியக்கூடாதே என்று உருகிய பெருமாயி அம்மையாரின் மஞ்சள் படிந்த கைகளை வணங்குவோம். அவர் வழியாக வந்த முறை இது: மூட்டையை ஒரு தட்டில் ஒரு முறை நிறுக்க வேண்டும்; மறுதட்டில் ஒரு முறை நிறுக்க வேண்டும்; இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். வருவதே எடை.