கழுவுபாறை இரும்பு

கடகடகட... டம்!

மேகம் இல்லை, மின்னல் இல்லை. உச்சி வெயிலில் சத்தம் மட்டும் வந்தது.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பாதி மலைகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்காத நாளில், ஒரு கரிசல் தேசம் இருந்தது கேளுங்கள். அங்கே ஓடைக்கரையில், கழுவுபாறை மேல் உட்கார்ந்து புளி போட்டுச் செம்புப் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள் அரளி. சத்தம் கேட்டதும் கை நின்றது.

"ஏங்க, விழுந்திருச்சு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ போட்ட கூச்சல்ல அது பயந்து இன்னும் தள்ளிப் போயிருக்கும்" என்றபடி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான் அவள் புருஷன் சடையன்.

வானத்திலிருந்து விழும் இரும்பைத் தேடி எடுப்பது அவர்கள் தொழில். அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு விழுந்த இடத்துக்குக் கிட்டத்தில் பெயருள்ள இடம் எதுவோ, அதன் பெயர்தான் இரும்புக்கும். சடையன் அதை ஊர் நடுவில் வைத்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அன்றிலிருந்து அந்த ஊருக்கே ஒரு மிடுக்கு. பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்து, "ஏம்ப்பா, உங்க ஊருக்கு மேல வானம் இருக்கா?" என்று கேட்பார்கள்.

அந்த இரும்புகளையெல்லாம் ஊர் ஊராகத் திருடி வந்தான் ஒருவன். கருநாக்கன் என்கிற மந்திரவாதி. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைச் சீவிக் கண்ணாடிபோல் மெருகேற்றி வைப்பான். அதில் தன் முகத்தைப் பார்த்தால்தான் அவன் மந்திரம் பலிக்கும்.

போன சடையன் திரும்பவில்லை. பாதி தேய்த்த பானையைப் பாறையிலேயே விட்டு, புளி உருண்டையை மடியில் செருகிக்கொண்டு, காலடித் தடம் பார்த்தே நடந்தாள் அரளி. தடம் கருநாக்கன் மாளிகை வாசலில் முடிந்தது.

"உன் பேர் என்ன?"

"அரளி."

"பேரே விஷமா இருக்கே!" என்று சிரித்தான் கருநாக்கன். "எனக்கு வேண்டிய இரும்பை உன் புருஷன் தொட்டான். அவனையும் இரும்பாக்கிட்டேன். உள்ளே கிடக்கான். பொழுது சாயறதுக்குள்ள அவன் எதுன்னு ஒரே ஒரு தரம் கைகாட்டு. சரின்னா கூட்டிட்டுப் போ. தப்புன்னா நீயும் என் அலமாரியில."

உள்ளே போனாள். அலமாரி அலமாரியாக இரும்பு. எல்லாம் ஒரே கறுப்பு. பிசைந்த மாவில் பெருவிரல் அழுத்தியதுபோல எல்லாவற்றிலும் குழி. தொட்டுப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே குளிர்ச்சி, ஒரே கனம், ஒரே ஓசை.

அரளிக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் கை சும்மா இருக்காது. எதிரில் ஒன்று துருவேறிக் கிடந்தது. மடியில் இருந்த புளியை எடுத்துத் தேய்த்தாள். மெருகேறிய பக்கத்தில் மெல்ல மெல்லக் கோடுகள் எழுந்தன. குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னியதுபோல.

"நான் நரிப்பள்ளம்!" என்றது இரும்பு. "உடைஞ்சுபோன ஒரு உலகத்தோட நெஞ்சு நான். யுகம் யுகமா ஆறி ஆறி இந்தப் பின்னல் விழுந்திச்சு. எந்த உலையிலயும் இதைப் பின்ன முடியாது!"

அடுத்ததைத் தேய்த்தாள். "நான் கள்ளிமேடு! என்னில் ஒரு துண்டுதான் ராஜாவோட வாள்!"

அதற்கடுத்தது. "நான் ஆலங்குட்டை! எனக்குச் சந்தனம் பூசிப் பொங்கல் வெச்சாங்க!"

தேய்த்தாள், தேய்த்தாள், விரல் எரிய எரியத் தேய்த்தாள். எல்லாவற்றிலும் பின்னல் எழுந்தது. எல்லாம் தலைநிமிர்ந்து பெயர் சொல்லின. மூலையில் ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தும் வெறுமையாகவே இருந்தது. பேசவும் இல்லை.

வெயில் வாசற்படி தாண்டியது. "இத்தனை அழகை விட்டுட்டு அந்த மொட்டை இரும்பையா பார்க்கிறே?" என்றான் கருநாக்கன்.

"என் புருஷன் ஒண்ணும் வானத்திலேருந்து விழலை. தும்பைக்காட்டில் பொறந்து, நடந்து வந்து என்னைக் கட்டிக்கிட்ட மனுஷன். அதில அவருக்கு என்ன குறைச்சல்?" அதன்மேல் கையை வைத்தாள் அரளி. "சடையா! சடையா! சடையா!"

இரும்பு மூச்சு விட்டது. சடையன் எழுந்து உட்கார்ந்தான்.

"பேரைச் சொல்லியா கூப்பிட்டே?"

"மூணு தரம்."

கருநாக்கன் மந்திரம் சொல்ல ஓடினான். இந்த இரும்பில் பார்த்தான், பின்னல். அந்த இரும்பில் பார்த்தான், பின்னல். எதிலும் அவன் முகம் இல்லை. தேடித் தேடித் தேய்ந்து, கடைசியில் ஒரு பிடி துருவாக உதிர்ந்தான்.

இரும்புகள் தத்தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. ஊர்களுக்கு மறுபடி மிடுக்கு வந்தது. இன்னும் சீவாமல், பெயர் வைக்காமல் வாசலில் கிடந்த அன்றைய இரும்பை ஓடைக்கரைக்குத் தூக்கி வந்தார்கள். "கழுவுபாறை! கழுவுபாறை! கழுவுபாறை!" என்று சடையன் கூப்பிட, சாயங்கால வெயிலில் அது கம்பீரமாகக் கிடந்தது.

"புது இரும்பு விழுந்ததை ராஜாகிட்டச் சொல்லிட்டு வரலாம், வா" என்றான்.

"நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள் அரளி. பானை காய்ந்துபோயிருந்தது. ஓடையில் ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்து, மிச்சப் புளியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.