பதினான்காவது பக்கம்

கரூரில் கொசுவலை தைத்து விற்கும் வையாபுரிக்கு அறுபத்தோரு வயதில் வெப்சைட் போடும் ஆசை வந்தது.

அவருடைய மச்சினன் கந்தப்பன் பங்கு பிரிந்து போய் ஆறு வருஷம். போனவன் சும்மா போகவில்லை. 'மரகதம் கொசுவலை' என்ற பெயருக்கு முன்னால் 'நியூ' போட்டுக்கொண்டு போனான். கேட்டதற்கு, மரகதம் உங்களுக்குப் பெண்டாட்டி என்றால் எனக்கு அக்கா இல்லையா என்றான். அன்றிலிருந்து வையாபுரி அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அவனிடம் வெப்சைட் இருந்தது. இவரிடம் இல்லை.

தொழிலும் படுத்துக் கிடந்தது. மொத்த வியாபாரிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏழு தையல் மிஷினில் நான்கு உறை போட்டு நின்றன. மழைக்காலத்துக்குள் வீடுகளிலிருந்து நேராக ஆர்டர் வராவிட்டால் மீதி மூன்றுக்கும் உறைதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், வியாபாரிகளுக்கு வெப்சைட் கட்டக் கற்றுக்கொடுக்கும் சுகந்தி என்ற பெண் இருந்தார். வையாபுரியின் மகள் வயதுதான். ஆனாலும் வையாபுரி அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு ஏறினார்.

கையில் ஒரு நோட்டு. ஆறாம் வகுப்போடு நின்றவர் பத்து நாள் உட்கார்ந்து எழுதியது. மொத்தம் பதினான்கு பக்கங்கள். பதினான்கும் ஒரே நாளில் திறக்க வேண்டும், கந்தப்பன் மிரள வேண்டும் என்றார்.

டீச்சர் நோட்டை முழுக்கப் படித்தார். ஒரே நாளில் வேண்டாம், கட்டம் கட்டமாகப் போகலாம் என்றார். முதல் கட்டத்தில் ஒரு பக்கம். அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் எதைக் கேட்கிறார்களோ அது இரண்டாவது கட்டம். அதற்குப் பிறகு மூன்றாவது.

"இந்தப் பதினாலுல எது முதல்ல வரணும்ங்க?"

வையாபுரி யோசிக்கவே இல்லை. "பதினாலாவதுங்க டீச்சர்."

பதினான்காவது பக்கத்தில் ஒன்றே ஒன்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.'

"வலையோட படம், அளவெல்லாம்?"

"அது பொறவு பார்த்துக்கலாம். கொசு எங்கயும் போயிடாதுங்க."

டீச்சர் சரி என்று வேலையைத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் பக்கம் ஏறிவிட்டது. மேலே கம்பெனி பெயர், நடுவில் சிவப்பில் அந்த வரி, கீழே போன் நம்பர். வேறொன்றும் இல்லை. பக்கத்து ஜில்லாக்களில் செல்போன் பார்ப்பவர்கள் கண்ணில் படும்படி சின்னதாக ஒரு விளம்பரமும் கொடுத்தார். வருகிற போனையெல்லாம் நீங்களே எடுங்கள், ஒவ்வொருவரும் முதலில் என்ன கேட்டார்கள் என்று எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்.

வையாபுரி அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அதில் கந்தப்பனும் இருந்தான். பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கைக்குழந்தை அழும் சத்தமும் கூடவே கேட்டது.

"போலின்னு போட்டிருக்கீங்களே, அது யாருங்க? பேரைச் சொன்னா ஒதுங்கிக்குவேன்."

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தவர் வையாபுரி. நியூ மரகதம் என்று பெயரைச் சொல்லி, பங்கு பிரிந்த கதையை முதலிலிருந்து சொன்னார். முக்கால் மணி நேரம். அவள் பொறுமையாக 'உம்' கொட்டிக் கேட்டாள். பாவம்தான் நீங்க என்றும் சொன்னாள். அதன் பிறகு வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். அவரும் சளைக்காமல் சொன்னார்.

மாதம் முடிந்தது. ஒரு வலைக்குக்கூட ஆர்டர் இல்லை. ஐந்தாவது மிஷினுக்கும் உறை போட்டார்கள். மனசு கேட்காமல் அந்தத் திருச்சிப் பெண்ணை அவரே கூப்பிட்டார்.

"வாங்கிட்டேங்களே. நீங்க சொன்ன நியூ மரகதத்துலதான். எப்படிப்பட்ட ஆளுங்கன்னு தேடிப் பார்த்தேன். தொட்டில் வலைக்குப் படம், அளவெல்லாம் போட்டிருந்தாங்க. நல்லா இருக்குங்க."

அந்த வாரமே கந்தப்பன் தன் அக்காவிடம் ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தனுப்பினான். மாமா புண்ணியத்தில் பதினெட்டு தொட்டில் வலை போயிருக்கிறது, கேட்டு வந்தவர்களெல்லாம் மாமா பேரைத்தான் சொன்னார்கள் என்று தகவல். டப்பாவை வையாபுரி தொடவில்லை. மரகதம் எடுத்துத் தைக்கிற பெண்களுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் அவர் மாடிப்படி ஏறினார். நோட்டில் இருபத்து மூன்று பேர். பத்தொன்பது பேர், போலி யார் என்று கேட்டிருந்தார்கள். நான்கு பேர், தொட்டிலுக்கு வலை உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்த நான்கு பேருக்கும் அவர் போலி யார் என்பதைத்தான் சொல்லியிருந்தார்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் விட்டீங்களா டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அந்தப் பக்கத்தை எடுத்திருப்பீங்களாங்க?"

வையாபுரி நோட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்திருக்க மாட்டேன்."

டீச்சர் நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார். அதை அவர் எடுத்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது கட்டத்துக்கு வரேனுங்க. தொட்டில் வலை படம் போடுங்க, அளவு போடுங்க, நீங்க சொல்றபடி செய்யறேன். ஆனா அந்தச் சிவப்பு வரியை எந்த மூலையில வைக்கிறதுங்க?"

"அதை யாருக்காகப் போட்டோமோ, அவர் பார்த்துட்டாருங்க. இனி கொசுக்கடியில தூங்காம அழுவுற குழந்தையோட அம்மாவுக்கு ஏதாச்சும் போடலாம்."