கயிறு விடாத குரு

மரம் ஏறி மெஷினால் கிளை அறுக்கும் வேலையில் ரூபன்தான் குரு. வயது முப்பதுகூட ஆகவில்லை. சீடன் செங்கோடனுக்கோ நாற்பது தாண்டி, காதோரம் நரைத்துவிட்டது. குரு சீடனை "அண்ணே" என்பார். சீடன் குருவை "மாஸ்டர்" என்பான். வால்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

குரு இப்போது கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்கள் பக்கம் போய்விட்டார். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் செங்கோடனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பனி விலகாத காலை, அறுபட்ட சில்வர் ஓக் மரத்தின் பச்சை வாசனை, பிளாஸ்கில் ஆறிப்போன, பால் ஊற்றாத கட்டன் டீ. எல்லாவற்றுக்கும் மேலே குருவின் அந்தப் பிடிவாதம்.

மரத்தின் மேலே இருப்பவன் கிளை அறுக்கும் சின்ன மெஷினை நிறுத்தி இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட வேண்டும். அப்புறம்தான் அடிமரம் அறுக்கும் பெரிய மெஷின், அதுவும் ஓடாமல், கப்பி வழியாகக் கயிற்றில் மேலே போகும். அதையும் பெல்ட்டில் மாட்டிவிட்டு "கட்டிட்டேன்" என்று கத்தினால் குரு கீழே கயிற்றைத் தளர்த்துவார். "பிடிச்சிட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் காது கேளாதவர் போல நிற்பார்.

அன்றைக்குத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் மேல் சாய்ந்திருந்த மரம். மழைக்கு முன்னால் அதைத் துண்டு துண்டாக இறக்கியாக வேண்டும். உச்சியில் செங்கோடன். வந்த மெஷினை ஒற்றைக் கையால் பற்றிக்கொண்டான். பெல்ட்டின் கொக்கியைத் தேடி மாட்ட அவனுக்குப் பொறுமை இல்லை.

"பிடிச்சிட்டேன் மாஸ்டர், விடுங்க!"

கயிறு அசையவில்லை.

"கையிலதான் இருக்கு! விடுங்கன்னா!"

"கட்டுங்கண்ணே."

தூரத்தில் வேடிக்கை பார்த்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். செங்கோடனுக்கு மானம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான், அறுத்தான், இறங்கினான்.

"என் கை மேல நம்பிக்கை இல்லாத ஆள்கிட்ட எனக்கு என்ன வேலை? நாளையிலேருந்து நான் வரலை" என்றான்.

குரு கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்தார். "பக்கத்து மரத்துல நான் ஏறுறேன். நீங்க கயிறு பிடிங்க. அப்புறம் போங்க" என்றார்.

குரு ஏறினார். செங்கோடன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மெஷினை மேலே ஏற்றினான்.

"பிடிச்சிட்டேன். விடுங்கண்ணே!"

விட்டுக் காட்ட வேண்டும், நம்பிக்கை என்றால் என்னவென்று இவருக்குத் தெரியட்டும். அப்படி நினைத்துத்தான் செங்கோடன் அண்ணாந்து பார்த்தான். அவ்வளவு உயரத்தில் மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி தெரிந்தார். ஒற்றைக் கையில் அத்தனை கனமான மெஷின். அது நழுவினால் ஆளையும் சேர்த்துச் சாய்த்துவிடும். கயிற்றை அடிமரத்தில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினான்.

"என்னண்ணே, விடலையா?"

"கட்டுங்க மாஸ்டர்!"

"கையிலதான் இருக்குன்னு சொல்றேன்ல?"

"இருக்கட்டும்! முதல்ல கட்டுங்க!"

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"கட்டிட்டேன்" என்று மேலேயிருந்து வந்த பிறகுதான் செங்கோடன் மூச்சே விட்டான்.

வேலை முடிந்து குரு இறங்கி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என் கை மேல நம்பிக்கை இல்லையாண்ணே?"

"ஐயோ, உங்க கைக்கு என்ன மாஸ்டர்? உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

குரு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அந்தப் பயம் தினமும் இருக்குண்ணே."