முருங்கை முளைத்த காரில் மாப்பிள்ளை

எங்கள் பருத்திக்குளத்தில் முட்டாள்கள் என்று தனியாக யாரும் கிடையாது. இருந்த மூன்று பேரும் சேர்ந்து பழைய வண்டிப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்துவிட்டோம். சுடலைமணி அண்ணாச்சி தலைவர், ஆவுடையப்பன் பொருளாளர், நான் செயலாளர். உறுப்பினர் என்று எவரும் இல்லாததால் சங்கத்தில் எங்களை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

சங்கத்தின் சொத்து ஒரு கறுப்புக் கார். பஞ்சு மில்லுக்குப் பின்னால் கேட்பாரற்று நின்றதை வாங்கினோம். அதன் உருண்டை விளக்குகளையும், அமுக்கினால் தவளை மாதிரிக் கத்தும் ரப்பர் ஹாரனையும் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். புதுக்காரில் ஏறினால் எங்கேயாவது போகவேண்டும் என்று தோன்றும். இதில் ஏறினால் எங்கேயும் போகவேண்டாம் என்று தோன்றும். போகவும் முடியாது என்பது வேறு விஷயம். வாங்கும்போது முன்சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து முளைத்த ஒரு முருங்கை இன்ஜின் வழியாக ஏறி, முன்மூடியைத் தூக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது.

வாங்கிய கையோடு, பழைய கார்களைப் பற்றி விவரம் தெரிந்த மதுரைக்காரர் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம்.

"இந்த மாதிரி வண்டிக்கு மதிப்பே கை படாம இருக்கிறதுலதான். கிடைச்ச நிலையிலேயே வச்சிருங்க. ஒண்ணையும் மாத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பெயிண்டையும் விளக்கையும் நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதையும் அரைகுறையாகக் கேட்கிற ஆட்கள் இல்லை நாங்கள்.

முதல் சோதனை கோழியால் வந்தது. குஞ்சு பொரித்ததும் அது குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டது. அவசரக் கூட்டம் போட்டோம்.

"கிடைச்சப்ப பின்சீட்டுல கோழி இருந்துச்சா இல்லையா?" என்றார் தலைவர்.

"இருந்துச்சு அண்ணாச்சி."

"இப்ப இல்ல. அப்ப நாம மாத்திட்டோம்னுதானே அர்த்தம்?"

மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது. அதே நிறத்தில் வேறொரு கோழி வாங்கிவந்து வைத்தோம். அதற்குச் சங்கத்தின் நோக்கம் பிடிபடவில்லை; ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. கடைசியில், தோதான கோழி கிடைக்கும்வரை அந்த இடத்தில் ஆவுடையப்பன் உட்காருவது என்று தீர்மானம் ஆனது. அவன் பொறுப்பான ஆள். சாப்பாட்டுக்குக்கூட இறங்கமாட்டான். நாங்கள்தான் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அடுத்த சோதனை மெக்கானிக் இசக்கி. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, பஞ்சரை ஒட்டிக் காற்றடித்துவிட்டான். ஆவுடையப்பன் பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"ஏம்ல தடுக்கல?" என்று கத்தினார் தலைவர்.

"கோழி எப்பிடி அண்ணாச்சி தடுக்கும்?" என்றான்.

நியாயம்தான். இசக்கியைக் கூப்பிட்டு, பிடுங்கிய ஆணியை அதே இடத்தில் திரும்ப அடிக்கச் சொன்னோம். பார்த்தால் பிளக்கையும் துடைத்து வைத்திருந்தான்.

"அந்த முருங்கைய மட்டும் வெட்டிப்போட்டா வண்டி கெளம்பிரும்யா!" என்று அழாக்குறையாகச் சொன்னான்.

"அழுக்கு எங்கவே?" என்று சீறினார் தலைவர்.

துடைத்த துணியைத் தேடிப்பிடித்து, அதே அழுக்கைத் திரும்பப் பூசிய பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் அமைந்தது. எனக்கு வயது நாற்பது. அதுவரை பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் நான் காரைப் பற்றி மட்டுமே பேசியதால் காபியோடு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து ஊர் செண்பகம் மட்டும் கடைசிவரை கேட்டாள். "ஹாரன் நெசமாவே தவள மாதிரி கத்துமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தபோது எனக்குக் காரே மறந்துபோனது. அப்படி அதற்குமுன் நடந்ததே இல்லை. கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அவள் அப்பா பேச்சிமுத்து கறாரான மனுஷன். "நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ள அந்தக் கார்லதான் வரணும். சொந்தபந்தம் பூராச் சொல்லிட்டேன். ஆட்டோவுல வந்து எறங்குனா, பொண்ண டிராக்டர் கம்பெனி மாப்பிள்ளைக்குக் குடுத்துருவேன்" என்றார்.

நான் சங்கத்தில் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவ இசக்கிய வச்சுக் கெளப்பிருவோம் அண்ணாச்சி."

"கிடைச்சப்ப அது ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப ஓட்டுனா?"

"மாத்துனதாயிரும்" என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டேன். செயலாளர் ஆயிற்றே.

அப்போது பின்சீட்டிலிருந்து ஆவுடையப்பன் தலையை நீட்டினான். "வண்டி நிக்கட்டும் அண்ணாச்சி. தரை ஓடட்டும்."

அவன் அறிவை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருங்கையின் வேரைச் சுற்றி மண்ணோடு தோண்டினோம். கிரேன் வைத்துக் காரையும் மரத்தையும் ஒன்றாகத் தூக்கி ஒரு லாரியின்மேல் நிறுத்தினோம். இப்போது கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஓடியது லாரிதான்.

பட்டுவேட்டியோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் தலைவர், பின்னால் கோழிப் பொறுப்பில் ஆவுடையப்பன். லாரி திரும்புகிற இடமெல்லாம் நானும் திருப்பினேன். ஒரு வளைவில் லாரி இடது பக்கம் போக, நான் வலது பக்கம் ஒடித்துவிட்டேன்.

"பாத்து ஓட்டும்வே. கல்யாணம் ஆகவேண்டிய ஆளு" என்றார் தலைவர்.

பெண்வீட்டு வாசலில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். முருங்கைக் கிளை அதில் மாட்டியது. லாரி டிரைவர் கவனிக்கவில்லை. பந்தல், சீரியல் விளக்கு, வாழைமரம், நல்வரவுத் தட்டி எல்லாம் எங்களோடு புறப்பட்டு, வீட்டைத் தாண்டித் தெருமுனைவரை வந்தன. நான் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேச்சிமுத்து ஓடிவந்தார். "என்னய்யா கூத்து இது? பின்னால யாரு?"

"கோழி, மாமா" என்றேன்.

செண்பகம் கூட்டத்துக்கு நடுவில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் ஹாரனை அமுக்கினேன். இன்னும் சிரித்தாள். எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

தலைவர் லாரியிலிருந்து இறங்கி, சங்கத்தின் கொள்கையை ஆதியோடந்தமாக விளக்கினார். பேச்சிமுத்து கேட்கக் கேட்கக் கோபம் தணிந்தார். லாரியில் ஏறிக் காரைச் சுற்றிவந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ஆணி?"

"அதே ஆணி."

"பிளக்குல அழுக்கு?"

"அதே அழுக்கு."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்பிடியும் மனுசங்களா!" என்று அங்கேயே சங்கத்தில் சேர்ந்தார். எங்களுக்குக் கிடைத்த முதல் உறுப்பினர். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாப்பது, மாமா."

"முன்னால கல்யாணம் எதுவும்?"

"ஒண்ணுமில்ல, மாமா."

"நாப்பது வருசமா அப்பிடியே இருந்திருக்கீரு. எங்களுக்குக் கிடைச்ச நிலையும் அதுதான். எம் பொண்ணக் கட்டிவச்சு உம்ம மதிப்ப நானே கெடுக்கலாமா?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

"கோழிக்கு ஓட்டு உண்டா அண்ணாச்சி?" என்றான் ஆவுடையப்பன்.

"பொருளாளருக்கு உண்டு."

மூன்று கைகள் எழுந்தன. செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக உயிரையே கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. நான்காவதாக எழுந்தது என் கை.

"நல்லா இருப்பீரு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். டிராக்டர் கம்பெனி மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் அந்த மாதமே கல்யாணம் நடந்தது.

நான் இப்போது அதே பட்டுவேட்டியில் அதே சீட்டில் இருக்கிறேன். மாமாதான் எங்களைப் பார்த்துக்கொள்கிறார். மழை வந்தால் தார்ப்பாய் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். போன வாரம் செண்பகம் தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஆசையாக என் தோளைத் தட்டப்போனார்.

"தொடாதீங்க மாப்பிள்ள! கை படாத பீஸு!" என்று பதறினார் மாமா.

"ஆமாங்க" என்றேன் நானும். "கொஞ்சம் தள்ளி நின்னே பாருங்க."