மருந்துக்குச் சுங்கம் இல்லை

இதை எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு மைமூன் ராத்தா. என் மகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய மருந்து சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, நான் யாசீன் ஓதி ஓதித் தொண்டை வறண்டு கிடந்த நோன்பு மாதத்தில் சொன்னார். எனக்குச் சொல்லத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஒரு கடற்கரைப் பட்டணம். அங்கே ஒரு ஷெய்கு இருந்தார். அவருடைய சீடர் ஷம்சுத்தீன்தான் துறைமுகச் சுங்கத்துக்கு அதிகாரி. கப்பலில் எது வந்து இறங்கினாலும் சுல்தானுக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

ஒருநாள் சுல்தான், "நோயாளிக்கு வரும் மருந்துக்கு மட்டும் சுங்கம் வேண்டாம். சட்டமாக எழுதும்" என்று ஷம்சுத்தீனிடம் சொன்னார்.

எழுதினார். அடுத்த கப்பலிலேயே அத்தர், குங்குமப்பூ, பேரீச்சம்பழம் எல்லாம் மருந்தாகிவிட்டன.

ஷம்சுத்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. சுல்தான் கேட்டால் என்ன பதில் சொல்வது? வைத்தியரின் கைச்சாத்து வேண்டும் என்று சேர்த்தார். பட்டணத்து வைத்தியர்கள் எல்லாம் மாடி வீடு கட்டினார்கள்.

கடைசியில், நோயாளியே துறைமுகத்துக்கு நேரில் வந்து வாங்க வேண்டும் என்று எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு ஷெய்கிடம் ஓடினார்.

"ஹஜ்ரத், இதுல எங்கேயாவது ஓட்டை இருக்கா சொல்லுங்க. ஒரு பொய்யன்கூட நுழையக் கூடாது."

ஷெய்கு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"துறைமுகத்துல நிழல் உண்டா, தம்பி?"

"நிழலா? அங்க ஏது மரம்? நான் சட்டத்தைக் கேக்குறேன், ஹஜ்ரத்."

"நானும் அதைத்தான் கேட்டேன்."

ஷம்சுத்தீனுக்கு விளங்கவில்லை. போய்ச் சட்டத்தை முரசறைந்துவிட்டார்.

அந்தக் கோடையில் பட்டணத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. ஷெய்கையும் விடவில்லை. அதற்கு ஒரே மருந்து, கப்பலில் வரும் ஒரு மரப்பட்டைதான். கப்பல் எப்போது வரும் என்று ஷம்சுத்தீன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் முதல் மூட்டையை அவிழ்த்து, விலையையும் சுங்கத்தையும் தன் காசிலிருந்து வைத்துவிட்டு, ஒரு பிடி பட்டையை தோள்துண்டில் முடிந்துகொண்டு வெளியே ஓடினார்.

வாசலில் நின்றுவிட்டார்.

கொதிக்கிற மணலில் வரிசை. பாயில் கிடத்தியிருந்தார்கள் சிலரை. ஒருவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கம்பை ஊன்றி நடுங்கிக்கொண்டு ஷெய்கு நின்றார்.

"ஹஜ்ரத்! நீங்க ஏன் வந்தீங்க?"

"நோயாளி நேர்ல வரணும்னு எழுதியிருந்தியே."

"உங்களுக்கா எழுதினேன்? இந்தாங்க பட்டை. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"எனக்குன்னு தனியா ஒரு விலக்கு எழுதிட்டியா, தம்பி?"



வரிசையின் முதல் ஆளாக இருமல் மகுதூம் நின்றார். நோய் நொடி ஒன்றும் இல்லாத மனிதர். வியாபாரிகளின் சரக்கு மருந்தாக வெளியே போக, கூலிக்கு வந்து இருமுகிறவர்.

அவர் திரும்பிப் பார்த்து, "ஹஜ்ரத், என் இடத்துக்கு வாங்க. எனக்கென்ன அவசரம்? நாளைக்கும் நான் இங்கதானே இருமணும்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

ஷெய்குக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். தோளில் குழந்தை. அது அழக்கூட இல்லை.

"உன் கையில இருக்கிறதை இந்தப் பிள்ளைக்குக் கொடு" என்றார் ஷெய்கு.

"அப்ப உங்களுக்கு?"

"நான் வரிசையில நிக்கிறேனே."

ஷம்சுத்தீன் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு ஷெய்கின் காலடியிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நேர்ல வரணும்ங்கிறதை இப்பவே எடுத்துடுறேன், ஹஜ்ரத். ஆனா எடுத்தா பொய்யன் எல்லாம் வந்துடுவானே. நான் என்ன செய்வேன்?"

ஷெய்கு கம்பைத் தூக்கி மகுதூமைக் காட்டினார்.

"அவர் விடியுமுன்னே வந்துட்டார், தம்பி. வர முடியாம வீட்டுல கிடக்கிறவங்களைப் பத்தித்தான் நீ இன்னும் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை."

ஷம்சுத்தீன் எழுந்து, யார் யார் வீட்டில் கிடக்கிறார்கள் என்று வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.

என் மகளுக்கு மருந்து பிறகு வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஷம்சுத்தீனைப் போல ஓர் அலுவலக ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்களா? வெளியே நிற்கிறவர்களுக்கு நிழலில் ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள்.