கல் வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. ஓணான் பேசும், உடும்பு பேசும், மலையில் கிடக்கும் பாறையும் பேசும். சிற்பி உளியை வைத்து, "அக்கா, இங்கே அடிக்கட்டுமா?" என்று கேட்பான். "அடி" என்றால் அடிப்பான். "பொறு தம்பி, உள்ளே விரிசல் இருக்கு" என்றால் வேறிடம் பார்ப்பான். அதனால் சிலை உடைந்தது என்ற பேச்சே அன்றைக்குக் கிடையாது.

சாத்தன் என்ற சிற்பிக்கு ஒரே மகள், நங்கை. காய்ச்சலில் போய்விட்டாள். அழுகை ஓய்ந்த பிறகுதான் அவனுக்கு அந்தப் பயம் வந்தது. காலையில் எழுந்தால் அவள் மூக்கு நினைவில் இருக்கும், நெற்றி இருக்காது. மறுநாள் நெற்றி கிடைக்கும், சிரிப்பு போயிருக்கும். முழுக்க அழிந்துபோவதற்குள் கல்லில் பிடித்துவிட வேண்டும் என்று உளிகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனான்.

அடிவாரத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. நங்கையின் நிறம்.

"அக்கா, என் மகள் முகத்தை உன்கிட்டே தரட்டுமா?"

கல் தன் உள்ளே ஒருமுறை தேடிப் பார்த்துக்கொண்டது. "வேண்டாம் தம்பி. கன்னம் வர்ற இடத்தில் எனக்கு விரிசல் இருக்கு. மேலே போ, நல்ல கல் கிடைக்கும்."

"தேடுறதுக்குள்ளே எனக்கு மறந்துபோயிடும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உளிக்குப் பயந்துகிட்டுப் பொய் சொல்றே."

"பயம் உண்டு. பொய் இல்லை."

மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையை நீட்டியது. "என்ன சாத்தா, பெத்த பொண்ணைக் காப்பாத்த முடியலை, கல்லோட மல்லுக்கு நிக்கிறியாக்கும்!"

அந்தச் சொல் அவனைச் சுட்டது. "வேண்டாம் தம்பி, வேண்டாம்" என்று கல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதன் வாயிலேயே உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டான். வாய் சிதறி விழுந்தது. அதன் பிறகு அவனைத் தடுக்க யாருமில்லை.

வேலை தண்ணீராய் ஓடியது. நெற்றி வந்தது. எத்துப்பல்லை மறைக்க அவள் உதட்டை மடித்துக்கொள்வாளே, அந்த மடிப்புகூட வந்தது. சாத்தன் எதிரே உட்கார்ந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

இடது கன்னத்தில் மட்டும் பொட்டளவு கல் மிச்சம். உளியை வைத்தான். பழக்கம் விடவில்லை. "அக்கா, இங்கே அடிக்கட்டுமா?"

பதில் இல்லை. சுத்தியால் மெல்லத் தட்டினான். உள்ளேயிருந்து பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. அடி என்கிறதா, பொறு என்கிறதா? அதுவரை அவன் கல்லிடம் வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறான், சத்தத்தைக் கேட்டதில்லை. அடித்தான்.

கன்னத்திலிருந்து நெற்றிவரை முகம் இரண்டாகப் பிளந்தது.

துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்தான். நிற்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளை நினைத்தான். உள்ளேயும் பிளந்த முகம்தான் வந்தது. சாகும்வரை வேறு முகம் அவனுக்கு வரவேயில்லை.

ஓணான் பாறை பாறையாக ஓடி நடந்ததைச் சொன்னது. கேட்ட கற்களெல்லாம், யாரும் வந்து உடைப்பதற்கு முன்னால் தாங்களே வாயை மூடிக்கொண்டன.

அன்று பிடித்த வழக்கம்தான், சிற்பிகள் உளி வைக்குமுன் கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது. மணிபோலக் கணீரென்றால் அடிக்கலாம். பொத்தென்றால் அந்தக் கல்லை விட்டுவிட வேண்டும். அதற்குமேல் எந்தக் கல்லும் எந்தச் சிற்பியிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.