ஓலைக்கொடி நட்ட இடம்

கடலோர மடத்தில் உலகம்மை தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது தாண்டவர் வந்து நின்றார். உலகம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் குரு குருதானே? தாண்டவர் "தாயே" என்பார். உலகம்மையும் அவர் வயசுக்கு மரியாதை வைத்து "ஐயா" என்பார்.

"தாயே, ஒரு சந்தேகம். மீனுக்கும் புத்தி கெட்டுப்போகுமா?"

கேள்வியைப் பாருங்கள்! கேட்டவர் பார்வையோ தரையை விட்டு எழவில்லை.

"யாருக்குக் கெட்டதுன்னு அப்புறம் பாப்போம். நடந்ததைச் சொல்லுங்க."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மீன் முட்டையிடும் பருவத்தில், அது எங்கே இடுமோ அங்கே ஒரு மூங்கில் கழியைக் கல் கட்டி நிறுத்தி, நுனியில் பனையோலைக் கொடி கட்டிவிடுவார்கள். கொடி நிற்கிற வரை யாரும் அங்கே வலை வீசக் கூடாது. இடம் சொல்வது தாண்டவர் பொறுப்பு. கடலில் போய்க் குதிப்பார். காலடியில் குளிர் ஏறுகிறதா, தண்ணீர் பச்சை கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிற இடத்தில்தான் குஞ்சுக்கு இரை கிடைக்கும், தாய்மீனும் அங்கேதான் தேடிப் போகும். அவர் சொல்லி ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

வினையே அதுதான். இந்த வருஷம் அவர் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. எப்போதும் வடக்குப் பாறைதானே என்று கரையில் நின்றபடியே கையைக் காட்டிவிட்டார். கொடியும் நட்டாயிற்று.

காற்றோ இந்த வருஷம் மாறி அடித்தது. குளிர்ந்த தண்ணீர் தெற்கே ஆற்றுமுகத்தில் ஏறியது, மீனும் பின்னாலேயே போய்விட்டது. அங்கே வலை போட்டவள் பேச்சி. புருஷன் போனபின் ஆள் வைத்துத் தானே படகு நடத்துகிறவள். வலை நிறையச் சினைமீன். ஊர் கொதித்தது. சினைமீன் என்றால் கொடியடியில்தான் பிடித்திருப்பாள், திருடிவிட்டாள் என்றார்கள்.

"ஆத்துமொகத்துலதான்யா வீசினேன், சாமி சத்தியமா!" என்று கதறினாள் அவள்.

ஊர்க்கூட்டம் தாண்டவரைக் கேட்டது. "நான் கொடி நட்ட இடத்துலதான் சினை நிக்கும்" என்றார் அவர். அவ்வளவுதான். பேச்சி படகு கடலில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தப் படகை விட்டால் அவள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது.

கொடி நட்டதையும் கூட்டத்தில் நடந்ததையும் தாண்டவர் சொன்னார். தண்ணீரில் இறங்காததை மட்டும் விழுங்கிவிட்டார்.

உலகம்மை அரிவாளைக் கீழே வைத்தார். "கட்டுமரத்தைத் தள்ளுங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

வடக்குப் பாறையில் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

"குதிங்க."

"எதுக்குத் தாயே?"

"வருஷா வருஷம் எதுக்குக் குதிப்பீங்களோ, அதுக்குத்தான்."

குதித்தார். மூச்சு வாங்க மேலே வந்தார்.

"எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"அடியில?"

"அடியிலயும் அப்படித்தான்."

உலகம்மை துடுப்பைத் தெற்கே போட்டார். ஆற்றுமுகம் வந்தது.

"குதிங்க."

தாண்டவர் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தாயே. இங்கதான்னு தெரியும்."

"எப்போ தெரிஞ்சது?"

தாண்டவர் கொடி நின்ற வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பேச்சி அழுதப்பவே தெரியும்."

"தெரிஞ்சாலும் குதிங்க."

குதித்தார். பச்சைத் தண்ணீர். குளிர் காலிலிருந்து இடுப்பு வரை சுரீரென்று ஏறியது. சினைமீன்கள் கூட்டமாய் அவர் தொடையை உரசிக்கொண்டு போயின. மேலே வந்தவர் மரத்தில் தலையை வைத்து, வயசையும் மறந்து விம்மி விம்மி அழுதார்.

"வெக்கமா இருக்கு தாயே. தண்ணியைத் தொடாமலே கையைக் காட்டிட்டேன். என் பேரு கெட்டுடுமேன்னு அந்தப் பொண்ணு பேரைக் கெடுத்துட்டேன். சீ, நானும் ஒரு மனுஷனா!"

இல்லை என்று உலகம்மை சொல்லவில்லை.

"என்ன விரதம் சொன்னாலும் இருக்கேன். சோறு தண்ணி இல்லாம மடத்துலயே கிடக்கேன்."

"நீங்க பட்டினி கிடந்தா மீனுக்கு என்ன? நாளைக்கு இங்க நாலு படகு வந்து வலை போடும்."

"அப்போ இருட்டினதும் கொடியைப் பிடுங்கி இங்க நட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"பேச்சியை யாருக்கும் தெரியாமலா திருடின்னு சொன்னீங்க?"

தாண்டவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கட்டுமரம் கரையைப் பார்த்துத் திரும்பியது. பாதி வழியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி தாயே. இப்பவே, ஊர் பாக்கவே மாத்துறேன். ஆனா அந்தக் கல்லையும் கழியையும் ஏத்தினா இந்தக் கட்டுமரம் தாங்காது. படகு வேணும். எல்லாப் படகும் கடல்ல கிடக்கே, நான் யாரு வாசல்ல போய்க் கேப்பேன்?"

உலகம்மை துடுப்பை நிறுத்தவில்லை.

"ஒரு படகு கரையிலதான் கிடக்கு, ஐயா" என்றார்.